சுவரில் மடியும் நாற்காலி

என் பிரியமான மாமாவுக்கு,

இந்த வருஷ ஆபரேஷன் முகாம் முடிந்துவிட்டது. நேற்று மத்தியானம் வெளிநாட்டு டாக்டர்கள் எல்லாரும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலில் நின்று கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல நிறைய இருக்கிறது. படத்திடம் பேசினால் உங்கள் மகன், என் வீட்டுக்காரர், என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் காலனித் தமிழர்கள் வருஷா வருஷம் போடும் மலருக்கு இதைக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குத் திரும்பச் சொல்லுகிறேனே என்று சிரிக்காதீர்கள்.

நீங்கள் இல்லாத முதல் முகாம் இது. பெரிய டாக்டரம்மா வந்து இறங்கியதும் வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்த ஸ்டீல் மனிதருக்கு இடுப்பு கடைசிவரை நன்றாக இருந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டார். இருந்தது என்றேன். அது உண்மைதானே, மாமா? இதயம்தான் நின்றது, இடுப்பு நிற்கவில்லை.

உங்கள் இடுப்பு கெட்டுப்போன அந்த வருஷங்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். நம் போலாரத்தில் பாதி பங்களாக்களின் கேட்டு நீங்கள் அடித்தது. பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிகள் உங்கள் கை. உங்கள் வெல்டிங் கடையிலிருந்து பஸ் ஸ்டாப்பு கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை நடக்க உங்களுக்கு அரை மணி ஆனது. நடுவில் மூன்று இடத்தில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிவீர்கள். வலிக்கிறது என்று தெரு பார்க்கக் கூடாது உங்களுக்கு. எலும்புப் பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிட்டது, மாற்றினால்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார். நம்மால் ஆகிற காரியமா அது? "இருக்கட்டும்மா, உக்காந்துகினே வெல்டு அடிக்கலாம்" என்றீர்கள்.

அப்போதுதான் முகாமைப் பற்றித் தெரிந்தது. குளிர்காலத்தில் ஒரு வாரம் டாக்டர்களும் நர்ஸுகளும் லீவு போட்டு, சொந்தச் செலவில், மாற்று மூட்டுகளைப் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொண்டு செகந்தராபாத் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வருகிறார்கள், வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள் என்று பள்ளிக்கூட ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவள் சொன்னாள். உங்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஓடினேன். பட்டியலில் பெயர் வந்தது. எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று காட்டக் காலில் நீல மையால் அம்புக்குறிகூடப் போட்டுவிட்டார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் கட்டில் காலி!

எங்கே தேடியும் காணோம். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இரானி டீக்கடையில், பச்சை கவுன் மேலே உங்கள் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"இன்னா மாமா இது? டாக்டர் எல்லாம் காத்துனு இருக்காங்க."

"எம்மா செல்வி, இரும்பைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேணாம். நாப்பது வருஷமா ஒட்டிக்கினு இருக்கறேன். எந்த ஒட்டும் ஒரு நாளைக்கு விட்டுப்போவும். கேட்டுல விட்டா போயி திரும்ப ஒட்டிட்டு வருவேன். கால்ல விட்டா யாரு வந்து ஒட்டுவா?"

பெரிய டாக்டரம்மா சாலையைக் கடந்து டீக்கடைக்கே வந்துவிட்டார். நீங்கள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. உள்ளே போய் நோயாளிகளுக்குக் காட்ட வைத்திருந்த மாற்று இடுப்பு மூட்டு ஒன்றை எடுத்து வந்து உங்கள் கையில் கொடுத்தார்.

அதை நீங்கள் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன், மாமா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். வெயிலில் தூக்கிப் பிடித்தீர்கள். கட்டை விரல் நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவினீர்கள். ஒட்டு எங்கே என்று தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. ஒட்டே இல்லை. பந்தைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினீர்கள். எண்ணெயில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இந்தப் பந்தைப் பாலிஷ் போட்டது யாருன்னு கேளும்மா."

கேட்டேன். தெரியாது என்றார் டாக்டரம்மா.

"யாரா இருந்தாலும் நல்ல கை," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தீர்கள். "வா, போவலாம்."

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் உங்களுக்கு உள்ளே நடந்ததெல்லாம் கேட்டிருக்கிறது. வார்டுக்கு வந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "அந்தம்மா சுத்தியலு புடிக்கிறது நல்லா இருக்குது. அடிக்கறப்ப சத்தம் டப்பு டப்புன்னு வந்துச்சு. அப்புறம் டிங்குன்னு மாறிச்சு. உக்காந்துடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் கண் விரிந்தது. அவர்களும் அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் நிறுத்துவார்களாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கஷ்டம். இனி குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நம் வீட்டில் இருந்தது பழைய மாதிரி கக்கூஸ். வாக்கரைப் பிடித்தபடி கடைக்குப் போய், ஸ்டீல் பைப்பில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றை நீங்களே அடித்துக்கொண்டு வந்தீர்கள். நாலு காலுக்கும் வழுக்காமல் இருக்க ரப்பர் புஷ். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, "மத்தவங்க எல்லாம் வீட்டுல இன்னா பண்றாங்களோ?" என்று கேட்டீர்கள்.

அந்த ஒரு கேள்வியில்தான் நம் இரண்டு பேருக்கும் வேலை பிறந்தது. அடுத்த முகாமிலிருந்து நான் வார்டில் டாக்டர்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் மொழிபெயர்க்கப் போனேன். நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொருவருக்கும் தரையிலிருந்து முட்டி உயரம் அளந்தீர்கள். பயந்து கிடப்பவர்களுக்கு எதிரில் ஒரு நடை நடந்து காட்டினீர்கள். ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போனவர்களின் பின்னாலேயே நாற்காலியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினீர்கள். காஞ்சன்பாக், ஏ.எஸ். ராவ் நகர், எங்கெங்கோ. திரும்பி வந்து, யார் வீட்டில் என்ன குழம்பு என்றுகூடச் சொல்வீர்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வெல்டிங் புகை பக்கமே போகக் கூடாது என்றார் நெஞ்சு டாக்டர். நீங்கள் கேட்கிற ஆளா? ஒரு நாள் கடையைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"சாவியக் குடும்மா. மூணு நாற்காலி பாதியில நிக்குது."

"தர மாட்டேன் மாமா. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

நீங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்கு இத்தனை நாள் குத்திக்கொண்டிருந்தது. நாலு மாசம் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டீர்கள். அந்த நாலு மாசமும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி உங்களை உட்கார வைத்துவிட்டேனோ? சாவியைக் கொடுத்திருந்தால் கொஞ்சம் சந்தோஷமாகவாவது போயிருப்பீர்களோ? யாரிடம் கேட்பது இதை என்று தவித்தேன்.

சரி, இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

போலாரத்தில் வேப்பமரத்தடியில் வண்டி வைத்துத் துணி தேய்ப்பாளே கஸ்தூரி, அவளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வெள்ளைச் சட்டைக்கு மடிப்பு வைப்பவள். இரண்டு முட்டியும் வில்லாக வளைந்துவிட்டது. வண்டியில் வயிற்றை முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் தேய்க்கிறாள். பட்டியலில் பெயர் வந்து, வார்டில் படுக்கையும் போட்டாயிற்று. மறுநாள் ஆபரேஷன் என்றிருக்கும்போது பையைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நக்கோ அக்கா. ஆபரேஷன் எனக்கு வேணாம். நான் போறேன்."

"பயமா கஸ்தூரி? வலி ரெண்டு நாள்தான்."

"வலியா? வலியோடதான இருக்கறேன். அது இல்ல. இதுக்கப்புறம் கீழ குந்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க காம்பவுண்டுல நாலு வூட்டுக்கும் ஒரே கக்கூஸு. நாற்காலி குடுத்தாலும் எங்க வெப்பேன்? உள்ள வெச்சா மத்தவங்க எடுத்து வெளிய போடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கினு வர்றதுக்கு எனக்கு யாரு இருக்கறா? புருஷனும் போயிட்டான். பொண்ணு கட்டினு போயிட்டா. ஆபரேஷன் பண்ணினு நான் எங்க போறது அக்கா?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். கஸ்தூரியின் இடத்தை முகாமின் கடைசி நாளுக்குத் தள்ளி வைக்கிறேன், அதற்குமேல் முடியாது என்றார். எனக்குக் கிடைத்தது இரண்டு நாள்.

ஏதாவது வழி கிடைக்குமா என்று, நீங்கள் போன பிறகு திறக்காத கடையை அன்று மத்தியானம் போய்த் திறந்தேன். பைப்புகள் சாத்தியபடி இருந்தன. உங்கள் முகமூடி ஆணியில் தொங்கியது. பாதியில் நின்ற மூன்று நாற்காலிகளை மட்டும் காணோம். யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பக்கத்து ஸ்கூட்டர் ஷெட்டிலிருந்து காஜா பாய் ஓடி வந்தார். "கைக்கு ரோத்தீ, பேட்டி? ஏன் அழுவுறே, மவளே?" என்று கேட்டார். அவர் பேசும் உடைந்த தமிழ் உங்களிடம் கற்றதுதானே. நாற்காலியைக் காணோம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு என்னைத் தன் ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், ஒரு தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார்.

மூன்று நாற்காலிகள். வேலை முடிந்து, ரப்பர் புஷ் போட்டு, பளபளவென்று.

"அண்ணன் டெய்லி வந்தான். ஷட்டர்க்குக் கீழே அந்தச் சந்து இருக்குல்ல, அதுல பாதி ஃபிரேம், பைப் எல்லாம் இழுத்து எடுத்தான். நான் வெல்டு அடிக்கிறேன், அவன் அதோ அந்தத் தூரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து திட்டுறான். 'காஜா, கோணல், காஜா, திரும்ப அடி.' செல்விக்குச் சொல்லாதே, அது சண்டை போடும்னு சொன்னான். நான் சொல்லல."

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், வாக்கிங் போகிறேன் என்று தினமும் கிளம்பினீர்களே! நானும் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் வேறு கொடுத்தனுப்பினேனே! மாமா, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை எனக்கு. புகையில்லாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள், பாருங்கள், அதை நினைத்துத்தான் கடைசியில் சிரித்தேன். என் பேச்சையும் கேட்டீர்கள், உங்கள் வேலையையும் விடவில்லை. இத்தனை மாசமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த ஷெட்டில்தான் இறங்கியது.

ஆனால் கஸ்தூரிக்கு அந்த நாற்காலிகள் உதவாதே. நானும் காஜா பாயும் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் காம்பவுண்டுக்குப் போனோம். வரிசையாக நாலு வீடு, மூலையில் ஒரு கக்கூஸ். பின்பக்கச் சுவரில் கீல் வைத்து ஒரு இருக்கையைப் பொருத்தலாம், வேண்டியபோது இறக்கிக்கொள்ளலாம், மற்ற நேரம் மடித்துச் சுவரோடு சாத்திவிடலாம் என்று காஜா பாய்தான் சொன்னார். வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். சுவரில் ஓட்டை போட விடமாட்டேன், ஒருத்திக்காக நாலு குடித்தனத்துக்கும் தொந்தரவா என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினார். மற்ற வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

உள்ளே அளக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. வென்டிலேட்டர் கம்பியில் ஒரு நைலான் கயிறு கட்டித் தொங்கியது. முடிச்சுப் போட்ட இடம் கறுத்து வழவழப்பாகி இருந்தது. "இது எதுக்கு?" என்று சும்மாதான் கேட்டேன். கோடி வீட்டு நரசய்யா, லாரி ஓட்டி ஓய்ந்தவர், தொண்டையைக் கனைத்தார்.

"என்னுடையது," என்றார் தெலுங்கில், தரையைப் பார்த்தபடி. "உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன்."

பக்கத்து வீட்டுப் பெண் மெதுவாக, "எங்கள் அத்தையும் அந்தக் கயிற்றைத்தான் பிடிக்கிறார்கள்," என்றாள். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறார்கள், ஒருவர் வலி ஒருவருக்குத் தெரியவில்லை. வெட்கம்தான், வேறென்ன? வீட்டுக்கார அம்மா அந்தக் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "டைல்ஸ் உடையாமல் போடுங்கள். என் முட்டியும் ஒன்றும் கல்லில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே உங்கள் கடையில் வேலை ஆரம்பமானது. நான் பைப்பைப் பிடித்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. காஜா பாய் அடித்தார். ஒரு தடவை கோணலாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஷெட்டுப் பக்கம் இருந்த அந்தக் காலி ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஒட்டை வெட்டிவிட்டுத் திரும்ப அடித்தார். மறுநாள் சுவரில் பொருத்தியாயிற்று. நரசய்யாதான் முதலில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வெளியே வருவதற்கு முன், அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போனில் எடுத்த படத்தைக் கஸ்தூரியிடம் காட்டினேன். இருக்கையை இறக்கி ஒன்று, மடித்து ஒன்று. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஓனரம்மா ஒத்துக்கினாங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு கட்டியிருந்த பையை அவிழ்த்து, சீப்பையும் துண்டையும் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

கடைசி நாள் கடைசி ஆபரேஷன் அவளுடையது. இந்த வருஷம் ஒரு முட்டி, அடுத்த வருஷம் இன்னொன்று. மறுநாள் வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தபோது வார்டே பார்த்தது. ஒரு கால் வளைந்தும் ஒரு கால் நேராகவும் நின்றவள், குனிந்து அந்த நேரான காலைப் பார்த்தாள். "இது என் காலா அக்கா? கல்யாணத்துக்கு முன்ன இப்பிடித்தான் இருந்துச்சு," என்றாள். நான் அதை டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் காலைத்தான் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

கிளம்புவதற்கு முன் டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். கேட்கலாமா என்று இரண்டு நாள் தயங்கித்தான் கேட்டேன். மாமா எப்போதும் ஆபரேஷனுக்குப் பிறகு வீடுகளுக்குப் போனார், இனி முன்னாலேயே போகலாமா என்றேன். பயந்து ஓடுகிறவர்கள் எல்லாரும் கத்திக்குப் பயந்து ஓடுவதில்லையே? போன வருஷங்களில் சொல்லாமல் கிளம்பிப் போனவர்கள் முகமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டில் என்ன இருந்ததோ, நாம் போய்ப் பார்க்கவில்லை. டாக்டரம்மா தன் நோட்டை எடுத்து, அடுத்த வருஷப் பட்டியல் தயாரானதும் முதல் பிரதி எனக்கு வரவேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுச் செய்தியும் ஒன்று இருக்கிறது. உங்கள் பேத்தி திவ்யா, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், காம்பவுண்டு கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "தாத்தா சூப்பர் கதா," என்றாள், தாத்தா சூப்பர்தானே என்று. வேலை காஜா பாய் செய்தது, அலைந்தது நான், பேர் மட்டும் உங்களுக்கு! இருக்கட்டும், உங்களுக்குச் சேரவேண்டியதுதான்.

வெல்டிங் எனக்கு வராது, மாமா. அந்த வெளிச்சத்தைக் கண்டாலே பயம். ஆனால் அளவெடுக்க வரும், கதவைத் தட்ட வரும், நாலு பேரிடம் பேச வரும். அடுத்த பட்டியலில் யார் பெயர் இருந்தாலும் சரி, அவர் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும் முன்னால் நான் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். எங்கே உட்காருவார், எதைப் பிடித்து எழுந்திருப்பார் என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவர் காலிலும் அம்புக்குறி போட விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் மகளென்றே நினைத்த மருமகள்,
செல்வி